முதலாளியின் ரோஜாத் தோட்டத்துக்கு ஒரு வண்டி மண்

காஜா பேராங் சாலையில் எங்கள் பஸ் நின்றுவிட்டது. மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய புதுக் கொடிகளுக்குக் கீழே, ஒரு மாட்டு வண்டி பெரிய வீட்டின் கேட்டையும் சாலையையும் அடைத்து நிற்கிறது. வண்டி நிறைய மண். மேலே மண்வெட்டியோடு ஓர் அம்மாள்.

இறங்கிப் போய், "என்னக்கா இது?" என்கிறேன்.

"எங்க வீட்டு மண்ணு தம்பி. இந்த முதலாளி எங்க கம்பத்துல, வீடுங்களுக்கு நடுவுல, பழைய பேட்டரிய ஒடச்சு ஈயம் காச்சுனாரு. என் மக வயித்து வலியில துடிச்சுப் போனா. ஒடம்புல ஈயம் ஏறிருச்சுன்னு டாக்டர் சொல்றாரு. இவரு மட்டும், 'மண்ணு சுத்தமாத்தான் இருக்கு, கத்தரிக்கா போடு'ங்கிறாரு. அவ்வளவு நல்ல மண்ணு, அவரு ரோஜாவுக்கே ஆகட்டுமே!"

முதல் வெட்டு மண் மதிலைத் தாண்டி விழுகிறது. இடுப்பில் நழுவும் சாரோங்கைக் கையில் பிடித்தபடி முதலாளி ஓடிவருகிறார்.

"கொட்டாதே! அது விஷம்! என் பேரப்பிள்ளைங்க விளையாடுற இடம்!"

"என் மகளும் அந்த மண்ணுலதான் விளையாடுனா" என்கிறார் அந்த அம்மாள்.

அவரை விரட்ட முதலாளியே முன்னதாக வரவழைத்த போலீஸ்காரர் மெல்லத் தொண்டையைச் செருமுகிறார்.

"முதலாளி, இப்ப சொன்னத ஸ்டேஷன்ல வந்து இன்னொரு தடவ சொல்றீங்களா?"

வண்டி நகர்வதாக இல்லை. பஸ்ஸில் யாருக்கும் அவசரமும் இல்லை.