லாக் போட்டவர்

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், மன்னியுங்கள்.

சிதம்பரத்தில் நான் காவல் பார்க்கும் கம்ப்யூட்டர் ஆபீசுக்கு, முதுநகரிலிருந்து ரயிலில் வந்த இன்ஜினியர் அவர். கசங்காத சட்டை. யாரிடம் பேசினாலும் கண் போனில்தான் இருக்கும்.

ஒரு சாயங்காலம் போனில் யாரிடமோ, "லாக் போட்டாச்சு" என்றபடி கிளம்பினார். சர்வர் அறையைப் பூட்டிவிட்டார் என்று நம்பி, நான் கதவைப் பார்க்கவில்லை.

காலையில் கதவு திறந்து கிடந்தது. அவர் எழுதிய ப்ரோக்ராம் நின்றிருந்தது.

"யோவ், எவன உள்ள வுட்ட? இவன வேலைய வுட்டுத் தூக்குங்க சார்" என்று முதலாளி முன்னால் இன்ஜினியர் கத்தினார்.

"சார்தான் லாக் போட்டாச்சுன்னாரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"அது பூட்டு இல்லண்ணே. ஜாவாஸ்கிரிப்ட் ப்ரோக்ராம்ல நடக்குறத நேரத்தோட கிளவுடுல எழுதி வைக்கிற சின்ன லைப்ரரி, ரெடிமேட் கோடு" என்று அவர்கூட வேலை செய்யும் பெண், அது எழுதி வைத்ததைக் கம்ப்யூட்டரில் திறந்தாள். படித்ததும் அவள் சிரிப்பு நின்றது. "சார், நீங்க கடைசியா மாத்துன வரியிலதான் நின்னிருக்கு. நீங்க கெளம்புறதுக்கு முன்னாடியே."

அவர் போனைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்: "இனிமேயாச்சும் லாக்குன்னா இன்னான்னு தெரிஞ்சிக்க."

அவ்வளவுதான். அந்தக் கண்களை நான் கடைசிவரை பார்க்கவில்லை. பார்க்க விருப்பமும் இல்லை.

நடந்ததை நேரத்தோடு எழுதி வைப்பதுதான் லாக் என்றால், இது என் லாக். ஆனித் திருமஞ்சனத்துக்கு மறுநாள், காலை.