குண்டு எழுத்து

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையில் நானும் என் தம்பியும் சிப்ஸ் கடை வைத்திருந்தோம். கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற நான் முன்னால் இருந்து விற்பேன். அவன் பின்னால் நேந்திரங்காயைச் சீவி எண்ணெயில் போடுவான்.

போன வருஷம் பெங்களூரிலிருந்து என் மகள் கடைக்குப் புதுப் பலகை வடிவமைத்துத் தம்பியின் போனுக்கு அனுப்பினாள். என் போனில் அது திறக்கவில்லை. பழைய சோடா பாட்டில் லேபிளில் இருந்த மாதிரி குண்டு எழுத்து. ‘சி’யின் கொக்கி மீசைபோல முறுக்கிக்கொண்டு நிற்கும். ‘ப’ வயிறு பெருத்த சட்டி. மஞ்சள் எழுத்துக்குப் பின்னால் சிவப்பு நிழல். ஓடும் பஸ்ஸிலிருந்தே படிக்கலாம். ஜனங்கள் அதன் அடியில் நின்று படம் எடுத்தார்கள். அந்த ஆசையில் விலைப்பலகையையும் அதே எழுத்தில் அடித்தேன். சின்னதாக்கியதும் எல்லாம் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு, ஒருவருக்கும் விளங்கவில்லை. கழற்றிவிட்டேன்.

இந்தச் சீசனில் எதிரே வந்த அல்வாக் கடையில் அதே மீசை, அதே வயிறு. தென்காசிக்குப் போனால் பிரியாணிக் கடையில், சடங்கு வீட்டு பேனரில். ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில்கூட இருந்தது. அந்த எழுத்தில் இறந்துபோனவரே வேடிக்கை காட்டுவதுபோல் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுத்து இருந்தது தம்பியின் போனில். அவன் யாரிடமாவது தணிந்து பேசினால் காது கொடுத்தேன். அல்வாக் கடைக்காரர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்ததை மனதில் குறித்துவைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை நிறைய ஆள் நிற்கும்போதே கேட்டேன்.

“ஏலே, நம்ம எழுத்த எவன்ட்டலே குடுத்தே?”

“குடுக்கதுக்கு அது என்ன நம்ம தோப்புத் தேங்காயா? நான் இந்தச் சட்டிய விட்டு நகருதனாண்ணே?”

“டீ வாங்கிக் குடிச்சதப் பாத்துட்டுத்தான்லே இருந்தேன்.”

அவன் அடுப்பை அணைத்தான். துண்டில் கையைத் துடைத்தான்.

“இனும உங்க எழுத்த நீங்களே காவக் காத்துக்கிடுங்க.”

போய்விட்டான்.

மறுநாள் தென்காசியில் எங்கள் பலகையை அடித்துக்கொடுத்த பிளக்ஸ் கடைக்குச் சண்டைக்குப் போனேன். “அண்ணாச்சி, இது நெட்ல சும்மா கெடக்க எழுத்து. உங்க மவ எடுத்த எடத்துலதான் நானும் எடுத்தேன். உங்க போர்டப் பாத்துட்டு எல்லாவனும் அதையே கேக்கான்” என்றார் கடைக்காரர். மகளுக்குப் போன் செய்தேன். “ஆமாப்பா, அதுக்கென்ன?” என்றாள்.

அன்றைக்கே தம்பி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். மூத்தவன் நான் எப்படிப் போவது என்று இருந்துவிட்டேன். அவனும் கடைப் பக்கம் வரவில்லை.

ஆவணியில் அவன் மகளுக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் கல்யாண பிளக்ஸில் சொந்தக்காரர் எல்லாருடைய படமும் இருக்கும். ஒரு முகம் இல்லையென்றால் அந்த உறவு முறிந்துவிட்டது என்று ஊரே பேசும். என் படம் இருக்காது என்றுதான் மண்டபத்துக்குப் போனேன். இருந்தது, எல்லாருக்கும் மேலே, பெரியப்பா என்று. எழுத்து மட்டும் ஒல்லியாக, சாதாரணமாக இருந்தது.

கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த பிளக்ஸ் கடைக்காரர் சொன்னார்: “குண்டு எழுத்து போடாதீரும், அது எங்க அண்ணனுக்கு உள்ளதுன்னு உங்க தம்பி கண்டிசனா சொல்லிட்டாரு அண்ணாச்சி.”

குத்திச் சொன்னானா, விட்டுக்கொடுத்துச் சொன்னானா? பந்தியில் அவனே வந்து எனக்குப் பரிமாறினான். முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்து இலைக்காரர் கேட்டால் கேட்கட்டும், தப்பு என்னுடையதென்று இப்போதே சொல்லிவிடலாம் என வாயைத் திறந்தேன்.

“அவியல் வைக்கட்டாண்ணே?” என்றான்.

“வையி” என்றேன்.