கும்புடு என்கிற சொல்லுக்குச் சொந்தக்காரன்

நண்டு கட்டும் தொழிலில் சம்பளத்தை முதலாளி கொடுப்பார், தழும்பை நண்டு கொடுக்கும். கடிக்கும் என்று தெரிந்தே தினமும் கையை நீட்டிப் பிழைக்கிற அன்பர்களே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

பேர் வந்த விதம்

எஸ்டேட்டில் எங்களை வேலை வாங்கிய மண்டோரோடு முறைத்துக்கொண்டு (அந்த ஆளை இன்னும் மன்னிக்கவில்லை, அது வேறு கதை), கடலோர ஜெராமில் ஒரு தவுக்கேயின், அதாவது முதலாளியின், நண்டுக் கொட்டகைக்கு வந்த முதல் வாரம். சேற்று நண்டின் முதுகைக் காலால் லேசாக மிதித்து, இரண்டு கொடுக்கையும் முன்னால் மடக்கி, ராபியா என்கிற பிளாஸ்டிக் கயிற்றால் இறுக்க வேண்டும். பதினோரு நண்டு என்னைக் கடித்தது. பன்னிரண்டாவதைக் கட்டித் தூக்கிப் பார்த்தால், கொடுக்குகள் நெஞ்சுக்கு நேராகச் சேர்ந்து, கோயில் வாசலில் நிற்கிற ஆள் மாதிரியே இருந்தது. "கும்புடு போட்டுட்டான்டா!" என்று கத்தினேன். அன்றிலிருந்து எங்கள் கொட்டகையில் கட்டிய நண்டுக்குப் பேர் கும்புடு.

பக்கத்தில் உட்கார்ந்து கட்டிய அந்தோணி சொன்னான்: "எஸ்டேட்ல ஒரு பய உங்கள கும்புட்டதில்ல, இங்க வந்து வாங்கிட்டீங்களேண்ணே!"

ஊர் சுற்றிய சொல்

தவுக்கே சீனர், ஆனால் எங்களோடு பழகித் தமிழ் பேசுவார். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் போன் போட்டால் அவர் வாயிலும் இதே சொல்தான்: "கும்புடு நெறைய இருக்கு லா, சீக்கிரம் வா!"

திருட்டு

இருபது வருஷம் ஓடியது. அந்தோணி வேலையை விட்டுக் கெர்லிங்கில் மகள் வீட்டுக்குப் போனான். என் ஒரே சாட்சி போய்விட்டது. அவன் இடத்துக்கு மாணிக்கம் வந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செரண்டாவிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை நண்டு வாங்க வந்தார். நாங்கள் பேசுவதைக் கேட்டு, கும்புடு என்றால் என்ன, யார் வைத்த பேர் என்று விசாரித்தார். தொழிலாளர் பேசும் சொற்களைச் சேர்த்துப் பள்ளி மலரில் போடப் போகிறாராம், சொன்னவர் பேரோடு. மூன்றாம் வகுப்போடு நின்றவன் பேர் பள்ளிக்கூடப் புத்தகத்தில்! நான் கையைக் கழுவிக்கொண்டு எழுவதற்குள் மாணிக்கம் முந்திவிட்டான். அந்த வாரமே அவனோடு பேச்சை நிறுத்தினேன். அவன் சொன்னதை எழுத்து மாறாமல் தருகிறேன்: "நான்தான் டீச்சர் வச்சேன், சும்மா வாய்ல வந்துச்சு லா!"

வாக்குமூலம்

அடுத்த மாதம் ஆசிரியை மறுபடி வந்தார். மலர் அச்சுக்குப் போகிறது, கட்டுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். மாணிக்கம் ஒரு பெரிய நண்டை மிதித்துக்கொண்டு, அவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே கயிற்றைச் சுற்றினான். நண்டு அவன் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. இழுத்தான், இன்னும் இறுகியது. கடித்த நண்டைத் தண்ணீருக்குள் விட்டால் தானாக விட்டுவிடும். வாளி என் கையில்தான் இருந்தது.

"வாளியக் குடுண்ணே!"

"கும்புடு யாரு வச்ச பேரு?"

"இப்ப போயி... ஐயோ! நீதாண்ணே! நான் வர்றதுக்கு முன்னாலயே நீ வச்சதுண்ணே!"

வாளியை வைத்தேன். கையை உள்ளே விட்டான், நண்டு விட்டது. நானே மஞ்சள் வைத்துக் கட்டுப் போட்டேன். கோபம் வேறு, விரல் வேறு. ஆசிரியை நோட்டைத் திறந்து, மாணிக்கத்தின் பேரை அடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்: "மன்னிச்சுக்குங்க ஐயா, ரெண்டு தடவ வந்துட்டேன், உங்க பேர் என்னான்னு கேக்கவே இல்ல."

நண்டுத் தொழிலில் ஒருவன் பேர் வாங்க இருபது வருஷ உழைப்பும், அடுத்தவன் கட்டைவிரல் ஒன்றும் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.