அருணுக்கும் சேர்த்து முட்டி போட்டவள்

புருஷனைப் பார்த்துக்கொள்வதில் லூசியாவை அடிச்சிக்க ஆளில்லை என்று திண்டிவனத்தில் அவள் தெருவுக்கே தெரியும். அவள் புருஷன் அருணுக்கு ஹீமோபிலியா. ரத்தம் லேசில் உறையாது. வலது முட்டிக்குள்ளேயே கசிந்து தேங்காய் மாதிரி வீங்கும். கல்யாணமான புதிதில் ஒரு தடவை அதைப் பார்த்தாள், அவ்வளவுதான், பயம் பிடித்துக்கொண்டது. வீக்கம் வடிகிறவரை ஓய்வு என்றார் டாக்டர். வடிந்த பிறகும் இவள் விட்டால்தானே! நாலு வீடு தள்ளியிருக்கும் அவன் செல்போன் கடைக்கே ஸ்கூட்டியில் கொண்டுபோய் இறக்குவாள்.

"பொடிநடையா போய்க்கினு வந்துடுறேனே" என்பான்.

"ஒண்ணும் வாணாம், சும்மா உக்காருங்க."

தவக்காலச் சிலுவைப்பாதை ஜெபத்தில், ஏசு பாடுகளின் பதினாலு தலத்திலும் சனங்கள் முட்டி போட்டு எழுவார்கள். அருணைச் சேரில் உட்காரவைத்துவிட்டு, அவனுக்கும் சேர்த்து இவள் ரெண்டு ரெண்டு தடவை முட்டி போடுவாள். சாமியே கேட்காத நேர்ச்சை! கோயில் சனம் உச்சுக்கொட்டும். உள்ளூர அவளுக்குப் பெருமைதான், பொய் என்ன.

இந்த மாசம் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் கலைப்பிரியா அவன் தொடைகளை டேப்பால் அளந்தார். வலது தொடை சூம்பிக் கிடந்தது.

"எத்தனை வருஷமா இப்படி நடக்காமலே இருக்காரு?"

லூசியா மனசுக்குள் வருஷங்களை எண்ணிப் பார்த்தாள்.

"சதை வலுவா இருந்தாத்தாங்க முட்டியைக் காப்பாத்தும். உக்காந்தே இருந்தா சதை கரைஞ்சி, திரும்பத் திரும்ப ரத்தம் கசியும். ரத்தம் உறையறதுக்கான ஊசியைப் போட்டுக்கிட்டு நாங்க சொல்றபடி டெய்லி பயிற்சி பண்ணட்டும். இல்லாட்டி முட்டி இறுகி, நடக்கவே முடியாமப் போயிடும்."

திரும்பி வரும் பஸ்ஸில், "நான்தாங்க உங்க காலைக் கெடுத்தேன், பாவி" என்று அழுதாள்.

"எனக்கும் சொகமாத்தானே இருந்துச்சு, வுடு" என்றான் அருண். திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் காலையில் ஊசி போட்டுக்கொண்டு பாயில் படுத்தான். காலை நேராகத் தூக்கி நிறுத்த வேண்டும், அதுதான் முதல் பயிற்சி. ஒரு சாண் எழும்புவதற்குள் கால் வெடவெடவென்று ஆடியது. லூசியாவின் கை தன்னால் போய்க் குதிகாலைத் தாங்கியது.

"கையை எடு, லூசி."

"நடுங்குதுங்க..."

"எடுன்றேன்ல!"

அவன் அப்படி அதட்டி அவள் கேட்டதேயில்லை. எடுத்தாள். கால் பொத்தென்று பாயில் விழுந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்கினான். லூசியா ரெண்டு கையையும் தன் தொடைக்கடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டு, புருஷன் கால் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.