பதினொன்றால் வகுபடும்

என் அக்கா புருஷனுக்கு ஆஸ்பத்திரியில் பட்டப்பெயர் ‘பதினொன்று’. பரிசோதனைக்கு வரும் ரத்தம், சதை எல்லாவற்றுக்கும் ஒன்பது இலக்க எண் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பிரிவுக்கு அத்தான்தான் தலைமை. முன்பெல்லாம் இலக்கம் மாறி, ஒருவருடைய முடிவு இன்னொருவருக்குப் போவது வாடிக்கை. இவர் வந்து, பதினொன்றால் மீதியில்லாமல் வகுபடும் எண்களை மட்டுமே கொடுக்க வைத்தார். ஒரு இலக்கத்தைத் தப்பாகத் தட்டினாலும், அடுத்தடுத்த இரண்டை இடம் மாற்றினாலும் எண் வகுபடாது, கம்ப்யூட்டர் ஏற்காது. நல்ல யோசனைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. விருந்துக்கு வந்தாலும் வாசலில் நிற்கிற வண்டிகளின் எண்ணைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பார்.

அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. கொஞ்சம் சதை எடுத்து அனுப்பினார்கள். எண் 704318527. நோய் இல்லை என்று முடிவு வந்தது. அத்தான் தானே உட்கார்ந்து பார்த்தார். ஒன்று விட்டு ஒன்று கூட்டினால் ஒரு பக்கம் இருபத்துநான்கு, மறுபக்கம் பதின்மூன்று, வித்தியாசம் பதினொன்று; அப்படி வந்தால் எண் வகுபடும். அத்தோடு கதை முடிந்தது அவருக்கு.

கட்டி வளர்ந்தது, வலித்தது. இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று அக்கா கெஞ்சினாள்.

“நம்பர் வகுபடுது. வேற யாரோட ரிப்போர்ட்டும் உனக்கு வர வழியே இல்ல,” என்றார்.

நான் எடுத்துச் சொன்னதற்கு, எட்டாவதோடு நின்றவனுக்கு இதெல்லாம் ஏறாது என்று சிரித்தார்.

நடந்தது இதுதான். அக்காவின் சதையை வைத்த கண்ணாடித் துண்டில் யாரோ கடைசி 527-ஐ 725 என்று எழுதிவிட்டார்கள். அன்றைக்கே 704318725 என்ற எண்ணில் வேறொரு பெண்ணும் இருந்தாள். அக்காவின் நோய் அவள் பெயரில் ஏறியது. ஒரே எண்ணுக்கு இரண்டு முடிவு வந்ததால், அவளுடைய நல்ல முடிவை, காலியாகக் கிடந்த அக்காவின் இடத்தில் போட்டார்கள். அந்தப் பெண்ணின் புருஷனுக்குக் கணக்கு வராது போலிருக்கிறது. பயந்துபோய் வேறிடத்தில் மறுபடி பார்க்கவைத்தான். அவளுக்கு ஒன்றுமில்லை. அவன் வந்து சத்தம் போட்ட பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. அதற்குள் அக்காவுக்கு நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது.

அத்தான் காகிதமும் பேனாவுமாகக் கட்டிலருகே வந்தார்.

“அஞ்சுக்கும் ஏழுக்கும் நடுவுல ஒரு இலக்கம் இருக்கு. ரெண்டும் ஒரே கூட்டல்ல வருது, அதனால இடம் மாறினாலும் தொகை மாறல. இதுவும் வகுபடுது. எனக்குத் தோணவே இல்லம்மா.”

அக்கா காகிதத்தைப் பார்க்கவில்லை.

“வலிக்குதுன்னு சொன்னேனே. அதுல என்னங்க சரிபார்க்கணும்?”

அத்தான் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த மாதமே அக்கா போய்விட்டாள்.

இப்போது ஒவ்வொரு இலக்கத்தையும் அது நிற்கும் இடத்தின் எண்ணால் பெருக்கிக் கூட்டி, அந்தத் தொகை பதினொன்றால் வகுபடுகிறதா என்று பார்க்கிறார்கள். எந்த இரண்டு இடம் மாறினாலும் பிடித்துவிடுமாம். கண்டுபிடித்தவர் அத்தான்தான். பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். இதை என் மனைவிக்குச் சமர்ப்பிக்கிறேன் என்றாராம். நெடுநேரம் கைதட்டினார்களாம்.