நின்று பார்த்து வாங்கிய ஸ்பாஞ்ச்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் பாப்பாரப்பட்டியிலிருந்து நல்லம்பள்ளி வரை சைக்கிளில் அலுமினியப் பாத்திரம் கட்டிக்கொண்டு போய் விற்றே ஓட்டு வீடு கட்டினேன். என்னளவு பாரம் ஏற்றி மிதித்தவர் இந்தப் பக்கம் யாருமில்லை.

நான்கு வருடங்களுக்கு முன் உள்ளங்காலில் வலி எடுத்தது. கேன்வாஸ் ஷூவுக்குள் போட ஏதாவது வாங்கலாமென்று தருமபுரியில் ஷூ தைக்கும் பாய் ஒருவரிடம் போனேன். உள்ளங்கால் குழிவுக்கு முட்டுக் கொடுத்த கெட்டித் தோல் ஒன்றும், ஸ்பாஞ்ச் ஒன்றும் காட்டினார். இரண்டையும் போட்டு நின்று பார்த்தேன். தோல் உறுத்தியது. ஸ்பாஞ்ச் மெத்தையாக இருந்தது.

"நின்னு பாத்தா அப்பிடித்தாங்க இருக்கும். வெளிய உங்க சைக்கிள் நிக்குது. பாரத்தோட ஒரு சுத்து மிதிச்சுட்டு வந்து சொல்லுங்க" என்றார் பாய்.

"இருவது வருசமா மிதிக்கறவனுக்கு நீங்க மிதிக்கக் கத்துக் குடுக்கறீங்களா பாய்?"

"உங்களுக்குத் தெரியும். உங்க காலுக்குத் தெரியணுமில்லீங்க."

ஸ்பாஞ்சையே வாங்கினேன். பாரத்தோடு மிதித்தால் அது அமுங்கி, பெடல் நேராக உள்ளங்காலில் குத்தியது. பாயிடம் திரும்பிப் போக வெட்கப்பட்டு ஒரு வருடம் அப்படியே ஓட்டினேன். கடைசியில் காலை ஊன்றி மிதிக்கவே முடியவில்லை. பிறகு தோலைப் போட்டும் பயனில்லை. "குழிவு இறங்கிப்போச்சு, இனிமே சரியாகாது" என்றார் டாக்டர்.

இப்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பக்கத்துத் தெருக்களில் மட்டும் விற்கிறேன். சரக்கு எடுக்க சைக்கிளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு தருமபுரி போகும்போது, பாய் கடையில் யாராவது ஷூவுக்குள் எதையாவது போட்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தால், சரக்கு ஏற்றிய என் சைக்கிளைக் கொடுத்து ஒரு சுற்று மிதித்துவிட்டு வரச் சொல்கிறேன்.