மைனஸ் பன்னிரண்டு அடி

லாரிகளுக்கும் கடை வாசல்களுக்கும் தார்ப்பாய் தைத்துக் கொடுக்கும் அந்த அம்மாவுக்கு வயது நாற்பத்தொன்று. பள்ளி இறுதித் தேர்வில் எல்லாப் பாடமும் தேறி, கணக்கு மட்டும் தொண்டையில் சிக்கிய முள்ளாய் நின்றுவிட்டது. இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு நாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அந்த ஒண்ணையும் எழுதித் தொலைச்சிடறேன்" என்றாள். புருஷன் கத்தரியை நிறுத்தவில்லை. "எழுது, எழுது. தாளுக்கு ஓரம் மடிச்சுத் தைக்காம இருந்தா சரி" என்றான்.

மாலை வகுப்பில் சேர்ந்தாள். நேர்கோட்டுக் கணக்கெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. எக்ஸுக்குத் தலைமேல் ஒரு சின்ன இரண்டு முளைத்ததும்தான் வம்பு. அதற்கு ஒன்றுக்கு இரண்டு விடை!

தேர்வு வந்தது. எக்ஸ் வர்க்கம் கூட்டல் நான்கு எக்ஸ் சமம் தொண்ணூற்றாறு. அழகாகக் காரணிப்படுத்தினாள். எட்டு, மைனஸ் பன்னிரண்டு. எட்டை எழுதினாள். மற்றதை அடித்துவிட்டுப் பக்கத்திலேயே, 'இந்த அளவில் யாரும் தைக்க மாட்டார்கள்' என்று விளக்கமும் கொடுத்தாள். இரண்டு மதிப்பெண்ணில் தோற்றாள்.

விடைத்தாளின் நகலைப் பார்த்த வகுப்பு டீச்சர், இவளைவிடப் பத்து வயது சின்னவள், சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள்.

"கேள்வியில தார்ப்பாய் எங்கக்கா இருந்துச்சு?"

"இல்லைதான்."

"வெறும் சமன்பாடுன்னா ரெண்டு விடையும் விடைதான். நீளம், அகலம்னு கேட்டா மட்டும் மைனஸைத் தள்ளணும்."

புருஷன் சும்மா இருப்பானா? தெருவெல்லாம் சொல்லிவிட்டான். கம்பிக் கடைக்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை அவள் 'மைனஸ் அக்கா' ஆனாள். "அக்கா, எனக்கு மைனஸ் பன்னிரண்டு அடிக்கு ஒண்ணு வேணும், எப்பக் கிடைக்கும்?" என்று ஒருவர் கேட்டார். "நேத்தே குடுத்தாச்சே" என்றாள் அவள். இருந்தாலும் உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது. புத்தகத்தைத் துணிக்கட்டுக்கு அடியில் செருகிவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் மரக்கிடங்குக்காரர் வந்தார். பத்தடிக்குப் பத்தடித் தார்ப்பாய் போதவில்லை, நீளம் இரண்டு மடங்கு, அகலம் இரண்டு மடங்கு வேண்டும் என்றார். அவள் கடையில் இல்லை. புருஷன், "ரெண்டு மடங்கு துணி, அவ்வளவுதானே?" என்று தலையாட்டி, வாங்கியும் வந்துவிட்டான்.

அவர் கேட்ட அளவை அவன் சொல்ல, துணிக்கட்டைப் பார்த்ததும் அவள் கேட்டாள்: "மீதி எங்கே?"

"எந்த மீதி?"

"இதே மாதிரி இன்னொண்ணு."

"கணக்குல ஃபெயிலானவங்க கிட்ட நான் கணக்குக் கத்துக்கணுமாக்கும்!"

அவள் பழைய பத்தடித் தார்ப்பாயைத் தரையில் விரித்தாள். சாக்கட்டியால் அதன் நீளத்தை இரட்டித்துக் கோடு போட்டாள், பிறகு அகலத்தை. நான்கு கட்டங்கள் விழுந்தன. "நில்லுங்க. ஒவ்வொரு கட்டத்திலயும் கால் வெச்சு எண்ணுங்க." அவன் நடந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் நின்றுகொண்டு தலையைச் சொறிந்தான்.

"அளவு ரெண்டு மடங்கானா பரப்பு ரெண்டு மடங்காகாது, நாலு மடங்கு. மூணு மடங்கானா ஒன்பது. இதைத்தான் அந்தக் குட்டி ரெண்டு செய்யுது."

"கிடங்குக்காரர் கிட்ட நான் என்ன சொல்றது?"

"உண்மையைச் சொல்லுங்க. ரெண்டு நாள் கூட ஆகும்னு."

மறுநாள் அவனே மீதித் துணி வாங்கி வந்தான். அதோடு துணிக்கட்டுக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி, தையல் மிஷின் மேல் வைத்தான். "தேர்வு முடியற வரைக்கும் ஓரத் தையல் எல்லாம் நானே பார்த்துக்கறேன்" என்றான். அவன் தைத்த ஓரங்கள் நேர்கோட்டுக் கணக்கில் சேரவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த முறை இரண்டு கேள்வி அப்படி வந்தன. ஒன்று வெறும் சமன்பாடு. இரண்டு விடையும் எழுதினாள். மற்றது ஒரு தோட்டத்தின் அகலம். மைனஸைக் காரணம் சொல்லித் தள்ளினாள். ஐம்பத்தெட்டு மதிப்பெண்.

டீச்சர் ஃபோனிலேயே குதித்தாள். "மேல படிங்கக்கா! அடுத்த வகுப்புல எக்ஸுக்கு மேல மூணு வரும்."

ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த புருஷன் கத்தரியைக் கீழே வைத்தான். "அப்போ விடையும் மூணா?"

"மூணு வரைக்கும் வரலாமாம்."

"ரெண்டுக்கே தெருவில இந்தப் பாடு" என்று முணுமுணுத்தபடி, சேர்க்கைப் படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்கச் செருப்பை மாட்டினான்.